மணிப்பூர் மட்டக்குதிரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போலோ ஆட்டத்தை உலகத்துக்குக் கொடுத்த குதிரை அழியப்போகிறது என்று அவ்வப்போது செய்தி வரும். படித்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் கீழே. சில பதில்கள் இரண்டு வரியில் முடிந்துவிடும். மேய்ச்சல் நிலம் பற்றியது மட்டும் நீளமாக இருக்கும். விஷயமே அங்கேதான் இருக்கிறது.

இது தனி இனமா, இல்லை குட்டையாக வளர்ந்துவிட்ட சாதாரணக் குதிரையா?

தனி இனம்தான். கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வளப் பணியகம் இதுவரை பதிவுசெய்துள்ள இந்தியக் குதிரை இனங்கள் எட்டு: மார்வாரி, கத்தியவாரி, கட்ச்சி-சிந்தி, பீம்தடி, சன்ஸ்கரி, ஸ்பிட்டி, பூட்டியா, மணிப்பூரி. கடைசி நான்கும் மலைப்பக்கத்து மட்டக்குதிரைகள்.

மணிப்பூரியின் உயரம் குதிரைக்காரர்கள் கணக்கில் 11 முதல் 13 கை. ஒரு கைக்கு நாலு அங்குலம். ஆக, கழுத்து முதுகோடு சேரும் மேட்டில் அளந்தால் 44 முதல் 52 அங்குலம் வரும். பக்கத்தில் நின்றால் அதன் முதுகு நம் நெஞ்சளவுக்குத்தான் இருக்கும். இம்பால் பள்ளத்தாக்கின் மெய்தேய் மக்கள் இதைச் சகோல் என்கிறார்கள்.

இவ்வளவு குட்டையான குதிரை எதற்குப் பயன்பட்டது?

போருக்கு. நம்பச் சிரமமாக இருக்கும், ஆனால் 18-ஆம் நூற்றாண்டில் கரீப் நிவாஸ் மன்னரின் (ஆட்சி 1709–1748) படைகள் இந்த மட்டக்குதிரைகளில் ஏறித்தான் மலைகளைத் தாண்டி பர்மாவுக்குள் புகுந்து ஐராவதிக் கரை வரை போய்வந்தன. மணிப்பூர் குதிரைவீரனின் தனி ஆயுதம் அரம்பாய் என்ற, கையால் எறியும் அம்பு. குதிரை பாய்ந்துகொண்டிருக்கும்போதே துரத்தி வருபவனை நோக்கிப் பின்பக்கமாக வீசுவார்கள். அதற்கு உயரமான குதிரை தேவையில்லை. சட்டென்று திரும்பவும் நிற்கவும், மறுபடி நாலுகால் பாய்ச்சலில் கிளம்பவும் தெரிந்த குதிரைதான் வேண்டும்.

பிற்பாடு பர்மியர்கள் மணிப்பூரை வென்றபோது, சிறைபிடித்துக் கொண்டுபோன மணிப்பூரிகளைத் தங்கள் ராணுவத்தில் குதிரைப்படையாகவே வைத்துக்கொண்டார்கள். எதிரியே கொடுத்த சான்றிதழ் என்று இதைச் சொல்லலாம்.

போலோ மணிப்பூரில்தான் பிறந்ததா?

கொஞ்சம் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது. குதிரைமேல் இருந்து பந்தடிக்கும் ஆட்டம் பாரசீகத்தில் வெகு காலத்துக்கு முன்பே இருந்தது. அதனால் “உலகின் முதல் போலோ” என்று மார்தட்டுவது தேவையில்லாத வம்பு. ஆனால் இன்று லண்டனிலும் புவனோஸ் ஐரிஸிலும் ஆடுகிறார்களே, அந்தப் போலோவின் நேரடி வேர் மணிப்பூரின் சகோல் காங்ஜெய் ஆட்டம்தான். இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. எந்த வழியாகப் போனது என்பதும் தெரியும்.

1819 முதல் 1826 வரை ஏழாண்டுகள் பர்மியப் படைகள் மணிப்பூரைச் சூறையாடின. ‘ஏழாண்டு நாசம்’ என்றே அந்தக் காலத்தை மணிப்பூரிகள் நினைவில் வைத்திருக்கிறார்கள். உயிருக்குத் தப்பியவர்கள் மேற்கே, இன்றைய அசாமில் இருக்கும் கச்சார் சமவெளிக்கு ஓடினார்கள். குதிரையும் ஆட்டமும் அவர்களோடு போயின. 1850-களில் கச்சாரில் தேயிலைத் தோட்டம் போட வந்த வெள்ளைக்காரர்கள் இந்த ஆட்டத்தைப் பார்த்தார்கள். ஜோசப் ஷெரர் என்ற ராணுவ அதிகாரியும், கச்சாரை நிர்வகித்த ராபர்ட் ஸ்டூவர்ட்டும் சேர்ந்து 1859-ல் சில்சாரில் போலோ கிளப் தொடங்கினார்கள். 1862-ல் கல்கத்தாவில் கிளப் வந்தது. 1869-ல் இங்கிலாந்தில் முதல் ஆட்டம் நடந்தது. அகதிகளின் ஆட்டம் பத்தே ஆண்டில் சீமைக்குப் போய்விட்டது.

சகோல் காங்ஜெய்க்கும் இப்போதைய போலோவுக்கும் என்ன வித்தியாசம்?

போலோவில் அணிக்கு நாலு பேர். சகோல் காங்ஜெயில் ஏழு பேர். கோல் கம்பம் கிடையாது. எதிரணியின் எல்லைக்கோட்டைப் பந்து தாண்டினால் கோல். பந்து, மூங்கிலின் வேர்க்கட்டையைச் செதுக்கிச் செய்தது. மட்டைக்குப் பிரம்புக் காம்பு.

ஆட்டக்காரரைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். வேட்டியை முழங்காலுக்கு மேலே ஏற்றிக் கட்டியிருப்பார். தலைப்பாகையைத் தாடைக்கு அடியில் கொண்டுவந்து முடிந்திருப்பார். கெண்டைக்காலில் அடிபடாமல் காக்கும் கனமான உறை இருக்கும், ஆனால் பாதம் வெறும் பாதம். அதைத்தான் அங்கவடியில் நுழைத்திருப்பார். சேணத்தின் இரண்டு பக்கமும் அகலத் தோல்பட்டைகள் தொங்கும். குதிரையின் நெற்றி, கன்னம், பிட்டம் என்று அடிபடக்கூடிய இடமெல்லாம் பஞ்சுக் குஞ்சங்கள் ஆடும். அலங்காரம் என்றுதான் முதலில் தோன்றும். பந்தோ மட்டையோ வந்து விழுந்தால் அடியை வாங்கிக்கொள்வதும் அந்தக் குஞ்சங்கள்தான்.

உலகப் போலோவில் இந்தக் குதிரையை ஏன் பார்க்க முடிவதில்லை?

உயரத்தால் போனது. தொடக்கத்தில் போலோ மட்டக்குதிரையில் ஆடும் ஆட்டம். இன்ன உயரத்துக்கு மேல் குதிரை இருக்கக்கூடாது என்றே விதி இருந்தது. வேகம் வேண்டும் என்று அந்த வரம்பை ஆங்கிலேயர்கள் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி 14 கைக்கு மேல் கொண்டுபோனார்கள். முதல் உலகப் போருக்குப் பிறகு வரம்பையே எடுத்துவிட்டார்கள். அதன்பின் பந்தயக் குதிரை ரத்தம் கலந்த உயரமான குதிரைகளும் அர்ஜென்டினா குதிரைகளும் மைதானத்தைப் பிடித்துக்கொண்டன. இன்றும் ஆங்கிலத்தில் போலோக் குதிரையைப் ‘போனி’ (மட்டக்குதிரை) என்றுதான் அழைக்கிறார்கள். உண்மையான போனிக்குத்தான் அங்கே இடமில்லை.

இனத்தின் எதிர்காலத்துக்கு இது பெரிய அடி. வெளியூர்ச் சந்தை மொத்தமாக மூடிவிட்டது. மணிப்பூருக்கு உள்ளே ஆடும் போலோ மட்டுமே இந்தக் குதிரைக்கு மிஞ்சிய வேலை.

இப்போது எத்தனை இருக்கின்றன?

கால்நடைக் கணக்கெடுப்பின்படி 2003-ல் 1,898. 2012-ல் 1,101. 2019-ல் 1,089. முதல் ஒன்பது ஆண்டில் நூற்றுக்கு நாற்பத்திரண்டு காணாமல் போயின. அடுத்த ஏழு ஆண்டில் பன்னிரண்டுதான் குறைந்தது. சரிவு நின்றுவிட்டது என்று சிலர் இதை எடுத்துக்கொள்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. சாலையில் அடிபட்டுச் சாகும் குதிரைக்கு ஈடாக ஒரு குட்டி பிறந்தால் எண்ணிக்கை அசையாது. ஆனால் இனம் வளரவும் இல்லை.

ஏன் குறைந்தன? வேட்டையாடினார்களா, நோயா?

வேட்டை இல்லை. நோய் உண்டு: கடிக்கும் ஈக்களால் பரவும் சர்ரா என்ற ரத்த ஒட்டுண்ணி நோய் குதிரைகளைக் கொல்லும். ஆனால் முதல் காரணம் புல்.

மணிப்பூர்க் குதிரையை லாயத்தில் கட்டித் தீனி போட்டு வளர்ப்பது பழைய வழக்கமே அல்ல. உடையவர் உண்டு, அடையாளம் உண்டு. ஆனால் ஆண்டில் பெரும்பகுதி அவிழ்த்துவிட்டுவிடுவார்கள். அவை போய்ச் சேரும் இடம் ‘பாட்’ எனப்படும் சதுப்பு நிலங்கள். வயிறு நனையும் அளவு தண்ணீரில் இறங்கி, மூக்கைத் தண்ணீருக்குள் விட்டு, நீர்ப்புல்லை வேரோடு இழுத்து மென்றுகொண்டு நிற்கும். காலில் லாடம் கிடையாது. ஆட்டம் வரும்போது உடையவர் தேடிப்போய்ப் பிடித்து வருவார், முடிந்ததும் திரும்ப விட்டுவிடுவார். வளர்ப்புச் செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. சாதாரண விவசாயக் குடும்பம்கூடக் குதிரை வைத்திருக்க முடிந்தது இதனால்தான்.

இம்பால் பள்ளத்தாக்கு மாநிலப் பரப்பில் பத்தில் ஒரு பங்குதான். மக்கள்தொகையின் பெரும்பகுதி அதற்குள்ளேயே இருக்கிறது. வீடு, அலுவலகம், ஆஸ்பத்திரி, சாலை எல்லாவற்றுக்கும் தேவைப்பட்ட நிலம் எங்கிருந்து வரும்? ‘சும்மா கிடக்கிற’ சதுப்பிலிருந்து வந்தது. இம்பாலின் மேற்கே இருந்த லாம்பேல்பாட் குதிரைகளின் பெரிய மேய்ச்சல் இடம். அதன் விளிம்புகளில்தான் இன்று வட்டார மருத்துவ அறிவியல் நிறுவனமும் அரசு அலுவலகங்களும் குடியிருப்புகளும் நிற்கின்றன. கிழக்கே பொரோம்பாட் மாவட்டத் தலைநகராகிவிட்டது. தெற்கே வேறு கதை: 1983-ல் இயங்கத் தொடங்கிய இத்தாய் தடுப்பணை, மின்சாரத்துக்காக லோக்தக் ஏரியின் நீர்மட்டத்தை ஆண்டு முழுக்க உயர்த்தி வைத்தது. பருவத்துக்குப் பருவம் வற்றி மேய்ச்சல் தந்த கரையோர நிலங்கள் நிரந்தரமாக முழுகின. ஓரிடத்தில் சதுப்பை மண் போட்டுத் தூர்த்தார்கள், இன்னோரிடத்தில் தண்ணீர் விட்டு மூழ்கடித்தார்கள். குதிரைக்கு இரண்டும் ஒன்றுதான்.

மேய இடமில்லாத குதிரை ஊருக்குள் வருகிறது. இம்பால் தெருக்களில் குப்பைத்தொட்டியைக் கிளறி நிற்கும் குதிரைகளின் படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். பிளாஸ்டிக் பையைத் தின்று குடல் அடைத்துச் சாகிறது, ராத்திரியில் வண்டி மோதிச் சாகிறது, வயலில் இறங்கினால் அடி வாங்குகிறது. நட்டத்துக்குமேல் நட்டம் வந்தால் உடையவர் எத்தனை நாள் தாங்குவார்? விற்றுவிடுகிறார். அடுத்த தலைமுறை குதிரையே வாங்குவதில்லை.

லாயம் கட்டி, தீவனம் வாங்கிப் போட்டு வளர்க்க வேண்டியதுதானே?

பணம் இருப்பவர் செய்யலாம். அசாம் ரைபிள்ஸ் படையும் வசதியான சில போலோ கிளப்புகளும் அப்படி வைத்திருக்கின்றன. ஆனால் குதிரைகளில் கணிசமானவை சாதாரணக் குடும்பங்களிடம் இருக்கின்றன. அவர்களுக்கு இந்தக் குதிரையால் மாதாமாதம் வருமானம் எதுவும் கிடையாது. பாலும் இல்லை, உழவும் இல்லை. தீவனம் வாங்கச் சொன்னால் குதிரையை வேண்டாம் என்பார்கள்.

இன்னொன்றும் உண்டு. சதுப்பில் மேய்ந்து, பருவத்துக்குத் தக்கபடி மெலிந்து கொழுத்துத் தாக்குப்பிடித்த உடம்பு இது. கொட்டடியில் கட்டி, தவிடும் கொள்ளும் போட்டுப் பத்துத் தலைமுறை வளர்த்தால் கிடைப்பது பார்வைக்கு அதே குதிரையாக இருக்கலாம். அந்தத் தாங்கும் சக்தி இருக்குமா என்பது வேறு கேள்வி.

ஆயிரம் குதிரை இருக்கிறதே, அது போதாதா?

தலைக்கணக்கு ஏமாற்றும். ஆயிரத்தில் குட்டிகளைக் கழியுங்கள், கிழடுகளைக் கழியுங்கள், காயடித்தவற்றைக் கழியுங்கள். மிச்சம் எத்தனை பெட்டை, எத்தனை பொலிக்குதிரை என்று பார்க்க வேண்டும். மரபியலில் இதற்கு எளிய கணக்கு உண்டு: ஆண் எண்ணிக்கையைப் பெண் எண்ணிக்கையால் பெருக்கி, அதை நாலால் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். உதாரணத்துக்கு, 400 பெட்டைகளுக்கு 20 பொலிக்குதிரைகள்தான் பயன்படுகின்றன என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டால் 76 வரும். 420 குதிரை கண்ணுக்குத் தெரிந்தாலும், மரபு வளம் 76 குதிரைக்கு உண்டானதுதான். நெருங்கிய உறவில் குட்டிகள் பிறந்துகொண்டே போகும்.

குதிரை பெருகுவதும் மெதுவாகத்தான். சினைக்காலம் பதினோரு மாதம். ஒரு ஈற்றுக்கு ஒரு குட்டி. ஆட்டைப் போலச் சட்டென்று மந்தையை இரட்டிப்பாக்க முடியாது.

அரசு என்ன செய்திருக்கிறது?

காகிதத்தில் நிறைய. 2013-ல் மணிப்பூர் அரசு இதை அழிந்துவரும் இனமாக அறிவித்தது. 2016-ல் மட்டக்குதிரைப் பாதுகாப்பு, மேம்பாட்டுக்கென்று தனிக் கொள்கை வந்தது. வளர்ப்போர் சங்கங்களும் மணிப்பூர் குதிரையேற்ற, போலோ சங்கமும் பல ஆண்டுகளாக மேய்ச்சலுக்கு நிலம் ஒதுக்கச் சொல்லிக் கேட்டுவருகின்றன. கொஞ்சம் இடமும் கிடைத்திருக்கிறது, குறிப்பாக ஹைங்காங் பக்கம்.

ஹைங்காங்கில்தான் போலோவைத் தோற்றுவித்தவராக மெய்தேய் மக்கள் வணங்கும் மார்ஜிங் தெய்வத்தின் மலை இருக்கிறது. அங்கே 2023 ஜனவரியில் 122 அடி உயரச் சிலை திறந்தார்கள். மட்டக்குதிரைமேல் மட்டையோடு போலோ வீரர். பிரம்மாண்டமான சிலை, நல்ல சிலை. அதற்கு ஆன பணத்தைச் சதுப்பு நிலத்தில் போட்டிருக்கக்கூடாதா என்று கேட்கத் தோன்றுகிறது. சிலை வந்தால் சுற்றுலா வரும், சுற்றுலா வந்தால் குதிரைக்கு மதிப்பு வரும் என்பது அரசின் பக்கத்து வாதம். இருக்கலாம்.

லாம்பேல்பாட்டை மீட்கும் திட்டமும் நடக்கிறது, பிரிக்ஸ் நாடுகளின் நியூ டெவலப்மென்ட் பேங்க் கடனில். நோக்கம் வெள்ளத் தடுப்பு, குடிநீர், சுற்றுலா. தூர்ந்துபோன சதுப்பைத் தோண்டுவது நல்லதுதான். ஆனால் கரைகட்டி ஆழமான ஏரியாக்கிவிட்டால் குதிரை இறங்கி மேயுமா? ஓரத்தில் ஆழமில்லாத புல்வெளியை விட்டுவைப்பார்களா என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

வனவிலங்குச் சட்டத்தின் கீழ் கொண்டுவரக்கூடாதா?

கொண்டுவர முடியாது, இது வளர்ப்பு விலங்கு. மணிப்பூரிலேயே சங்காய் மான் இருக்கிறது. அதுவும் சதுப்பை நம்பி வாழ்வதுதான். அது காட்டு விலங்கு என்பதால் லோக்தக்கில் கெய்புல் லம்ஜாவோ தேசியப் பூங்கா (1977) கிடைத்தது, தொட்டால் ஜெயில். சகோலுக்கு உடையவர் இருக்கிறார். உடையவர் விற்கலாம், காயடிக்கலாம், வேறு இனத்தோடு சேர்க்கலாம், யாரும் கேட்க முடியாது. எனவே இதைக் காக்க ஒரே வழி, உடையவருக்குக் குதிரை வைத்திருப்பது கட்டுப்படியாகிற மாதிரி செய்வதுதான்.

விந்தை உறையவைத்து, ஒரு பெட்டையின் கருவை இன்னொன்றின் வயிற்றில் வளர்க்கும் கருமாற்று முறையில் பெருக்கிக்கொள்ளலாமே?

தொழில்நுட்பம் இருக்கிறது. ஹிசாரைத் தலைமையிடமாகக் கொண்ட தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையத்தின் பிகானேர் வளாகத்தில், 2023-ல் மார்வாரி இனத்தில் கருமாற்றத்தால் குட்டி பிறந்தது. மணிப்பூரிக்கும் செய்யலாம், செய்யவும் வேண்டும். திடீரென்று தொற்றுநோய் வந்தால் உறைவிந்துதான் காப்பீடு. ஆனால் பிறக்கிற குட்டி எங்கே போய் மேயும் என்ற கேள்விக்கு ஆய்வுக்கூடத்தில் பதில் கிடையாது.

பெரிய குதிரையோடு கலந்து உயரமாக்கினால் தேவை கூடுமே?

கூடும். அந்தக் குதிரை மணிப்பூரியாக இருக்காது.

போலோ ஆடுவது குதிரைக்குக் கொடுமை இல்லையா?

ஆடத் தெரியாதவர் கையில் எந்த ஆட்டமும் கொடுமைதான். ஆனால் இந்த இனத்தைப் பொறுத்தவரை, ஆட்டம் நின்ற நாளில் குதிரை வைத்துக்கொள்ளக் காரணமே இல்லாமல் போகும். கிராமத்துக் கிளப்புகள் இன்னும் ஆடுவதால்தான் ஆயிரமாவது மிஞ்சியிருக்கிறது. பெண்கள் ஆட வந்தது பெரிய பலம். 2016 முதல் மாநில உதய நாளையொட்டிப் பெண்களுக்கான போட்டியும் நடத்தத் தொடங்கினார்கள். வெளிநாட்டுப் பெண்கள் அணிகளும் வந்து, தங்கள் உயரமான குதிரைகளை விட்டுவிட்டு, உள்ளூர் மட்டக்குதிரையில் ஏறி ஆடுகின்றன. சிலர் முதல் நாள் கால் தரையில் இடிக்குமோ என்று பயப்படுவதும் உண்டாம்.

2023 கலவரத்துக்குப் பிறகு நிலைமை என்ன?

2023 மே 3-ல் தொடங்கிய மெய்தேய்–குக்கி மோதலில் இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பல்லாயிரம் பேர் வீடிழந்தார்கள். 2025 பிப்ரவரியில் குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. மனிதர்களே முகாமில் இருக்கும் மாநிலத்தில் குதிரைக்கு நிலம் ஒதுக்கச் சொல்லிக் கேட்பதற்கே வளர்ப்பவர்களுக்குக் கூச்சமாக இருக்கும். திட்டங்கள் தாமதமாவதைப் புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

ஒன்றை வாங்கித் தமிழ்நாட்டில் வளர்க்கலாமா?

வேண்டாம். துணையில்லாமல் தனியாக வளரும் குதிரை இனப்பெருக்கத்துக்கு உதவாது. நீங்கள் வாங்கினால் அங்கே மேலும் ஒன்று குறையும், அவ்வளவுதான்.

நேரில் பார்க்க வேண்டும் என்றால்?

இம்பால் நகர நடுவில், காங்லா கோட்டைக்குப் பக்கத்திலேயே மபல் காங்ஜெய்புங் மைதானம் இருக்கிறது. உலகில் இன்னும் ஆட்டம் நடக்கும் மிகப் பழைய போலோ மைதானம் என்று அதைச் சொல்வார்கள். சங்காய் திருவிழா நடக்கும் ஆண்டுகளில் நவம்பர் 21 முதல் 30 வரை போனால் போலோ பார்க்க வாய்ப்பு அதிகம். 2020 தொடக்கத்திலிருந்து பிற மாநில இந்தியர்களுக்கும் மாநிலத்துக்குள் நுழைய இன்னர் லைன் பெர்மிட் என்ற அனுமதிச் சீட்டு கட்டாயம். கிளம்பும் முன் இணையத்தில் விண்ணப்பித்து வாங்கிவிடுங்கள். அப்போதைய பாதுகாப்பு நிலவரத்தையும் விசாரித்துக்கொள்ளுங்கள். தெருவில் திரியும் குதிரைக்குப் பிஸ்கட், பிரெட் எதுவும் போடாதீர்கள். சாப்பாடு கிடைக்கும் என்று பழகினால் அது மறுபடி வண்டிகளுக்கு நடுவேதான் வந்து நிற்கும்.